புதிய கீபோர்டு வாங்குதல் தகுமா?

இசைக்கருவிகள் காலந்தோறும் மாறிவருதல் உலகியல்பு. பண்டைத் தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்தது, வீணை நிலைபெற்றது, மேல்நாட்டு வயலின் நம் கச்சேரிகளுக்கு இன்றியமையாததாயிற்று, ஆர்மோனியம் நாடகக் கொட்டகையிலும் பசனை மடத்திலும் ஆலயத்திலும் ஒருங்கே இடம்பெற்றது. இந்நாளில் ஆர்மோனியத்தின் இருக்கையைப் பெரும்பாலும் கீபோர்டு கைக்கொண்டுவிட்டது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களில் ஆலய வழிபாட்டிலும் திருமண மண்டபத்திலும் மெல்லிசைக் குழுவிலும் அதன் ஒலியைக் கேளாத வாரமில்லை. நம் மாணவருள்ளும் அதனைப் பழகுவோர் பலர். அவருட் பலர்க்கு ஓர் ஐயம் ஓயாது எழுகின்றது. கையில் உள்ள கருவி இருக்க, புதிதாய் வந்துள்ளதைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குதல் தகுமா என்பதே அவ்வையம். அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். ஆர்மோனியம் காற்றினால் உலோக நாக்குகளை அதிரச் செய்து ஒலிப்பது. பாரிசு நகரத்துத் தெபேன் என்பார் 1840-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். கீபோர்டிலோ காற்றுமில்லை, நாக்குமில்லை. மின்னோட்டமே ஒலியைப் பிறப்பிக்கின்றது. கேசியோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட சிறு கருவிகள் அதனை எளியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தன. யாமஹா நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டி.எக்ஸ். 7 என்பது, அமெரிக்க நாட்டு ஜான் சௌனிங் என்பார் கண்டறிந்த முறையால், ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையை அசைத்துப் புதுப்புது ஒலிகளைத் தந்தது. பின்னர் உண்மைக் கருவிகளின் ஒலியைப் பதிவுசெய்து நினைவகத்தில் அடக்கிவைத்து, கட்டையை அழுத்துங்கால் அதனை எழுப்பும் முறை பரவிற்று. இன்று நாம் கேட்கும் குழலும் வயலினும் தபேலாவும் பெரும்பாலும் இவ்வாறு அடக்கிவைத்த ஒலிகளே.

இனிப் புதிய கருவி மிகுதியாகத் தருவது யாது? நினைவகம் பெரிதாகுந்தோறும், மெல்லத் தொட்டால் ஓர் ஒலியும் வல்லெனத் தொட்டால் வேறோர் ஒலியுமாகப் பல படிகளைப் பதிந்துவைத்தல் கூடும். அதனால் ஒலி இயற்கையை அணுகும். பின்னணித் தாளங்களின் எண்ணிக்கையும் பெருகும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் தொகையும் உயரும். யாமஹாவின் தொடக்கநிலைக் கருவியாகிய பி.எஸ்.ஆர். இ 373 ஒரே நேரத்தில் 48 ஒலிகளையும், உயர்நிலையதாகிய எஸ்.எக்ஸ். 700 என்பது 128 ஒலிகளையும் எழுப்ப வல்லன. கைவிரல் பத்தே, 128 எதற்கு என்று வினவுவாரும் உளர். இடக்கை ஒரு கூட்டொலியைத் தொட்ட அளவில் தபேலா, அடித்தொனி, கிட்டார் என்பன தாமே உடன் இசைக்கின்றன. வலக்கைக்கு இரண்டு குரல்களை இணைத்தால் ஒவ்வொரு கட்டையும் இரண்டாகக் கணக்கிடப்படும். கால்மிதியை அழுத்தினால் முன்னெழுந்த ஒலிகளும் மறையாது நிற்கும். தொகை போதாதவழி முன்னை ஒலி நடுவே அறுபடும்.

எனினும் மாறாதனவும் உள. எஸ்.எக்ஸ். 900 என்னும் கருவி 2019-இலும், அதன் வழித்தோன்றலாகிய எஸ்.எக்ஸ். 920 என்பது 2024-இலும் வெளிவந்தன. கட்டைகள் அன்றும் 61, இன்றும் 61. பாடுவோர் நான்கு கட்டைச் சுருதியில் பாடினும் ஐந்து கட்டையில் பாடினும் பொத்தான் ஒன்றால் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி மிக எளிய கருவியிலும் நெடுங்காலமாக உண்டு. அதன்பொருட்டுப் புதியது வேண்டுவதில்லை.

நம் இசைக்கு இக்கருவி தரும் இடர்ப்பாடும் புதுமையால் தீர்வதன்று. கீபோர்டு ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமகூறாகப் பிரிக்கின்றது. தானம் முழுதும் 1200 சிற்றளவு என்று கொண்டால், ஒவ்வொரு கூறும் 100 ஆகும். இயற்கையில் ஒத்திசைக்கும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386-இல் நிற்க, கீபோர்டோ அதனை 400-இல் நிறுத்துகின்றது. பஞ்சமத்தில் வேறுபாடு இரண்டே ஆகலின் செவிக்குத் தோன்றாது. காந்தாரத்தில் பதினான்கு ஆகலின் பழகிய செவிக்குத் தோன்றும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் சுருதிகள் எத்துணை என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, 22 என்னும் வழக்கை மறுத்து 24 என நாட்ட முயன்றார். அவர் எடுத்த வினா கீபோர்டின்முன் அமரும் தமிழ் மாணவனுக்கு இன்றும் உரியதே. இடைநிலை, உயர்நிலைக் கருவிகள் பலவற்றில் பன்னிரண்டு சுரத்தையும் தனித்தனியே சிறிது ஏற்றி இறக்கும் அமைப்பு உண்டு. அதனை வைத்திருந்தும் தொட்டுப் பாராதவரே மிகுதி.

கமகத்தின் நிலையும் அன்னதே. கமகம் இயலாத கருவி என்னும் காரணத்தையும் காட்டியே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று. 1971-இல்தான் ஓரளவு இடந்தந்தது. கீபோர்டில் சுரத்தை வளைப்பதற்கென இடப்பக்கத்தில் ஒரு சக்கரம் உண்டு. அதனை விரலோடு ஒத்தியக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். கீபோர்டு சத்யநாராயணன் இளமை தொட்டே கருநாடக இசைக் கச்சேரிகளை இக்கருவியிலேயே நிகழ்த்திவந்துள்ளார். பலரால் இயலாதென ஒதுக்கப்பட்டது ஒருவரது உழைப்பால் இயன்றமைக்கு அவரே சான்று.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையைக் கற்றோர் ஒன்றை நினைவுகூர்வர். மாதவியின் ஆடலுக்கு முன்னர், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவரும் எவ்வெத் தகுதி உடையராதல் வேண்டும் என்பதை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். யாழ் எவ்விலையது என்று அவர் உரைத்திலர்; யாழிசைப்போன் யாது கற்றான் என்பதையே உரைத்தார். நம்மவரோ கடைக்காரரிடம் கருவியின் தகுதியை ஒரு நாழிகை வினவி, நம் விரலின் தகுதியை ஒரு நொடியும் வினவுவதில்லை. "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழி நமக்காகவே எழுந்தது போலும்.

ஆயினும், கூடம் உண்மையிலேயே கோணலாய் இருத்தலும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மெல்லத் தொடினும் வல்லெனத் தொடினும் ஒரே அளவாய் ஒலிக்கும் கருவியில் உணர்ச்சி வேறுபாட்டைக் கற்றல் இயலாது. அதனை வைத்திருப்போன் தொடுகைக்கேற்ப ஒலிக்கும் கருவிக்கு மாறுதல் தக்கதே. தொடக்கநிலைக் கருவிகள் பலவற்றில் சுரம் வளைக்கும் சக்கரம் இல்லை. கீர்த்தனைகளைப் பழகி, விரல் கமகத்தை நாடும் நிலையை எய்தியவனுக்கு அது மெய்யான குறை. மேல்நாட்டுத் தாளங்களே நிறைந்த கருவியைக் கொண்டு ரூபகதாளக் கீர்த்தனைக்கு உடன் இசைப்பார் படும் துன்பமும் மெய்யானதே. இக்குறையை உணர்ந்தே நிறுவனங்கள் இந்திய ஒலிகள் அமைந்த கருவிகளை வெளியிட்டன, ரோலண்டு எக்ஸ்.பி.எஸ். 10, யாமஹா பி.எஸ்.ஆர். ஐ 500 என்பன அத்தகையன. சென்னையை அடுத்து யாமஹா நிறுவிய தொழிற்சாலையில் 2019 முதல் கீபோர்டுகள் செய்யப்பட்டுவருகின்றன என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

இம்மூன்றிலும் பொதுவாய் அமைந்தது ஒன்று. வாங்குவோன் தன்னால் இயல்வது இன்னது, கருவியால் இயலாதது இன்னது எனப் பெயர் சொல்லிச் சுட்ட வல்லவனாய் இருக்கின்றான். அவ்வாறு சுட்ட இயலாது, "புதியது நன்றாயிருக்கும்" என்று மட்டும் உரைப்பவன் இன்னும் சிலகாலம் பொறுத்தல் நலம்.

பொறுப்போர்க்குச் சிறுசெலவிற் செய்யத்தக்கன சில உள. சில கட்டைகள் ஒலியாமற் போதலும், திடீரென உரத்து ஒலித்தலும் பழங்கருவிகளிற் காணும் நோய். கட்டையின் அடியில் ரப்பர்க் குமிழும் அதன்கண் கரித்தொடுப்பு இரண்டும் உள. முதல் தொடுப்பிற்கும் இரண்டாம் தொடுப்பிற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தே கருவி நம் தொடுகையின் விரைவை அறிகின்றது. நம் புறநகரின் ஈரக்காற்றும் தூசியும் அத்தொடுப்பிற் படியுமாயின் கணக்குப் பிழைபடும். தேர்ந்த பழுதுபார்ப்போர் அதனைத் துடைத்தோ ரப்பர்ப் பட்டையை மாற்றியோ சீர்செய்வர். அதன்பொருட்டுக் கருவியையே கழித்தல் வேண்டா. ஒலி மெலிந்து தோன்றுதற்குக் காரணம் பலகாலும் உள்ளமைந்த சிறு ஒலிபெருக்கியே. நல்லதொரு வெளி ஒலிபெருக்கி பழைய கருவியையும் புதிதெனத் தோன்றச் செய்யும். இன்னும் ஒன்று: 1983-இல் நிறுவனங்கள் பலவும் ஒத்துக்கொண்ட மிடி என்னும் பொதுமொழியால் எந்நிறுவனத்துக் கருவியும் கணினியோடு உரையாடும். யு.எஸ்.பி. வாயில் உள்ள பழங்கருவியை ஒரு கம்பியால் கணினியோடு இணைத்தால், கட்டை பழையதாகவும் ஒலி புதியதாகவும் அமையும். மிடி 2.0 என 2020-இல் வெளியான திருத்தமும் பழையதைத் தள்ளிவிடாது அதனோடு பொருந்துமாறே அமைக்கப்பட்டது.

வாங்கத் துணிந்தோரும் வாழுமிடத்தை நோக்குதல் வேண்டும். எஸ்.எக்ஸ். 900 ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோ எடையுள்ளது. இ 373 ஐந்து கிலோவிற்கும் குறைவு. தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் கருவியைத் தோளிற் சுமந்து கச்சேரிக்குச் செல்லும் இளைஞனுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. சிறியது மின்தடை நேர்ந்தவிடத்து ஆறு மின்கலங்களால் இயங்கும். பெரியது மின்சாரமின்றி ஊமையாகும். கடைக்குச் செல்லுங்கால் தன் பழங்கருவியில் வாசிக்கும் பாடலையே புதியதிலும் வாசித்துப் பார்த்தல் வேண்டும். விற்போர் அழுத்திக் காட்டும் பாட்டு கருவி தானே பாடுவது. வாங்குவோன் பாடவைப்பது வேறு.

இறுதியாகப் பொருளைக் கருதுவோம். உயர்நிலைக் கருவி ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். அத்தொகை மாணவன் ஒருவனது வீட்டில் எளிதில் ஈட்டப்படுவதன்று. சபையாயின் பலர் சிறுகச் சிறுக இட்ட காணிக்கை அது. ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவன் ஒருவனுக்குத் திங்களுக்கு 1,500 ரூபாய் கட்டணம் என்று கொண்டால், 1,80,000 ரூபாய் பத்துச் சிறுவர்க்கு ஓராண்டு முழுதும் இசை கற்பிக்கும். பழைய கருவியைச் செப்பஞ்செய்து, எஞ்சிய பொருளைக் கற்பித்தற்குச் செலவிடும் சபைக்கு ஆண்டிறுதியில் வாசிப்போர் பதின்மர் கிடைப்பர். புதிய கருவியை வாங்கி, கற்பித்தலை மறந்த சபைக்கோ அதே ஒருவர்தாம். அவர் வெளியூர் சென்ற ஞாயிற்றில் அவ்விலையுயர்ந்த கருவி உறையிட்டபடியே கிடக்கும்.

ஆகலின், புதிய கீபோர்டு வாங்குதல் தகுமா என்னும் வினாவிற்கு ஒரே விடை கூறுதல் இயலாது. கருவி தடுக்கின்றது என்பதைக் காட்டக்கூடியவனுக்குத் தகும். காட்ட இயலாதவனுக்குத் தகாது. மாணவ நண்பர்கள் பணப்பையை அவிழ்க்குமுன், பழங்கருவியின் முன்னமர்ந்து ஒரு திங்கள் நாடோறும் ஒரு மணிநேரம் பயில்வாராக. அதன்பின்னும் குறை நிற்குமாயின் அது கருவியின் குறையே. அப்பொழுது வாங்குதலில் இழுக்கில்லை.