ஆயிரம் காலும் இல்லை, விஷக்கடியும் இல்லை... நம்ம ஊரு 'ரயில் பூச்சி' ரகசியம்!

மழை விட்ட மறுநாள் காலையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் இரண்டு வகை ரயில்களைப் பார்க்கலாம். ஒன்று, சென்ட்ரலில் பயணிகளை இறக்கிவிட்டுப் பராமரிப்புக்காக யார்டுக்கு வருவது. இன்னொன்று, ஈரச் சுவரில் நிதானமாக ஊர்ந்துபோகும் மரவட்டை. பிள்ளைகளுக்கு அது 'ரயில் பூச்சி'. அதன் உடலமைப்பைப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ரயில் பெட்டிக்குக் கீழே நான்கு சக்கரங்கள் கொண்ட சட்டங்கள் இரண்டு இருக்கும். மரவட்டையின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள். இரண்டு கண்டங்கள் ஒட்டி ஒரே வளையமானதுதான் காரணம். 'டிப்ளோபோடா' என்ற அறிவியல் வகுப்பின் பெயரே இரட்டைக் காலைத்தான் குறிக்கிறது. தலையை அடுத்த கழுத்து வளையத்தில் மட்டும் கால் கிடையாது. அடுத்த மூன்றில் ஒரு ஜோடிதான். முட்டையிலிருந்து வரும்போது பெரும்பாலானவற்றுக்கு மூன்றே ஜோடிக் கால்கள். தோலுரிக்க உரிக்க, வால் முனைக்குச் சற்று முன்னால் புது வளையங்கள் சேரும். கார்டு பெட்டிக்கு முன்னால் கூடுதல் பெட்டி கோப்பதுபோல!

ஆயிரங்கால் என்பது பெரும்பாலும் பேச்சுக்குத்தான். நிஜமாகவே ஆயிரத்தைத் தாண்டிய இனம் ஆஸ்திரேலியாவில் பூமிக்கடியில் கிடைத்து, 2021-ல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு 1,306 கால்கள்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் 'ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ்', 'பாக்கிபோலிடே' குடும்பத்தைச் சேர்ந்தது. 1775-ல் இதற்குப் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஃபேப்ரிஷியஸ். 'கார்னிஃபெக்ஸ்' என்றால் லத்தீனில் மரண தண்டனையை நிறைவேற்றுபவர். மட்கிய இலை தின்னும் அப்பிராணிக்கு இப்படியொரு பெயர்! இந்தக் குடும்பம் அடங்கிய வரிசைக்கு முகத்தின் நடுவே நேர்க்கோடாக ஒரு பிளவு உண்டு. ஆணுக்கு ஏழாவது வளையத்தின் இரண்டு ஜோடிக் கால்களும் இனப்பெருக்க உறுப்புகளாக மாறியிருக்கும். இனத்தை உறுதிசெய்ய நிபுணர்கள் நிறத்தை நம்புவதில்லை, இந்த உறுப்பின் வடிவத்தையே நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டியது வேறு. பூரானும் மரவட்டையும் ஒன்றல்ல. பூரானுக்குத் தட்டை உடம்பு, கண்டத்துக்கு ஒரு ஜோடிக் கால், வேகமான ஓட்டம், முன்னங்கால்களே விஷக் கொடுக்கு. மரவட்டைக்குக் கொடுக்கே இல்லை. தொட்டால் சுருளும், அவ்வளவுதான். மீறிச் சீண்டினால் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து பென்சோகுவினோன் கலந்த திரவம் கசியும். தோலில் பழுப்புக் கறை படியும், எரியும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் மட்டும் அலட்சியம் கூடாது. உடனே நிறைய தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அதைத் தொட்ட கையால் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

ஓலைக்கூரை வீடுகளில் தொல்லை அதிகம். மட்கும் ஓலையில் தங்கும் மரவட்டை, பாயிலும் சோற்றுப் பானையிலும் விழும். அங்கே போய் 'பாவம், விட்டுவிடுங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் உப்பும் மண்ணெண்ணெயும் கொட்டுவதைவிட, மட்கிய ஓலையை மாற்றுவதும் சுவரோரக் குப்பையை அள்ளுவதும் பலன் தரும். உள்ளே வந்ததைத் துடைப்பத்தால் முறத்தில் தள்ளி மரத்தடியில் போட்டுவிடலாம்.