அரசின் கதவும் இல்லத்தின் கதவும்

கொலைக் குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், அதிகாரிகளுடன் தமக்கிருந்த உறவைச் சிறையிலிருந்து எழுதினார் என்று கூறி, அதனை வெளியிட 'நக்கீரன்' இதழ் முனைந்தது. சிறைத்துறை தடுக்க முற்பட்டது.

1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வெளியாகுமுன்னரே தடைவிதிக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை. ஆயினும், பொது ஆவணங்களில் உள்ளவை நீங்கலாக, ஒருவருடைய இல்வாழ்வு, தாய்மை, கல்வி முதலியவற்றை, உண்மையேயாயினும், அவரது இசைவின்றி வெளியிடலாகாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரையும் வெளியிடலாகாது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1963-இல் செய்தியறியும் உரிமையை ஏற்று, அதற்கு நீதியையும் அன்பையும் வரம்பாக்கியது.

ஆளுவோரின் செயலை நாம் அஞ்சாது வினவுவோம். அயலார் இல்லத்துக் கண்ணீரை விற்கும் ஏட்டையோ காசு கொடுத்து வாங்காதிருப்போம். வாங்குவார் இல்லையேல் விற்பார் இல்லை.