இருட்டில் ஒன்பது வாள்கள்

ஒரு பெண் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை அங்கி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருக்கிறாள். பின்னால் முழுக் கறுப்பு. ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை. அந்தக் கறுப்பில் ஒன்பது வாள்கள், ஏணிப்படிகள் போல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. குறி சொல்லப் பயன்படும் 78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டில் மரணத்துக்கென்றே ஒரு சீட்டு உண்டு. ஆனாலும் சீட்டுப் பார்க்க வந்தவரின் முகம் சட்டென்று வாடுவதற்கு இந்த ‘வாள் ஒன்பது’ போதும்.

லண்டனில் 1909-இல் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டின் சீட்டு இது. கட்டைத் திட்டமிட்ட ஆர்தர் எட்வர்ட் வெயிட், இந்தச் சீட்டுக்கு எழுதிய பொருள்களில் மரணம், தோல்வி, தாமதம், ஏமாற்றம், நிராசை எல்லாம் வருகின்றன. தலைகீழாக விழுந்தால் சிறை, சந்தேகம், அவமானம், காரணமுள்ள பயம். ஆறுதலாக ஒரு சொல்கூட இல்லை. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு அப்படியே ஒப்பிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை என்பதே என் வருத்தம்.

படத்தைப் பாருங்கள். ஒன்பது வாள்களில் ஒன்றுகூட அவள் உடம்பில் பாயவில்லை. துளி ரத்தம் இல்லை. இதே வரிசையில் ‘வாள் மூன்று’ சீட்டில் ஓர் இதயத்தை மூன்று வாள்கள் துளைத்து நிற்கும். ‘வாள் எட்டில்’ கண்ணும் உடம்பும் கட்டப்பட்ட ஒரு பெண்ணைச் சுற்றி வாள்கள் நடப்பட்டிருக்கும். ‘வாள் பத்தில்’ குப்புறக் கிடக்கும் ஒருவன் முதுகில் பத்தும் ஏறியிருக்கும். குத்துவதை வரையத் தெரியாத கை இல்லை இது. ஒன்பதில் மட்டும் வாள்கள் அவளுக்குப் பின்னால், காற்றில் நிற்கின்றன. டாரட் மரபில் வாள் என்பது காற்றுக்கும் எண்ணத்துக்கும் உரிய குறி. எண்ணங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டும் அவை போகவில்லை.

கட்டிலின் பக்கப் பலகையில் ஒரு சிற்பம் உண்டு. ஒருவர் இன்னொருவரை வாளால் வீழ்த்துகிறார். எப்போதோ நடந்து முடிந்த சண்டையா, நடக்கப்போவதா, அவள் கண்ட கனவா என்று படம் சொல்லவில்லை. அவள் போர்த்தியிருக்கும் போர்வையில் கட்டம் கட்டமாக ரோஜாவும் ராசி, கிரகக் குறிகளும் மாறி மாறி வருகின்றன. அறையிலேயே நிறமும் அழகும் உள்ள பொருள் அதுதான். மடிமேலேயே கிடக்கிறது, அவள் அதைப் பார்க்கவில்லை.

இதை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். 1878-இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தார். அங்கே கேட்ட அனன்சி நாட்டுப்புறக் கதைகளைப் பின்னாளில் தொகுத்துப் படங்களுடன் புத்தகமாக்கினார். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள பிராட் நிறுவனத்தில் ஓவியம் படித்தார். நடிகை எலன் டெரியின் லைசியம் நாடகக் குழுவோடு நெருங்கிப் பழகி, மேடை, உடை வேலைகளிலும் கைவைத்தார். அந்த நாடகக் கண் இந்தச் சீட்டில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரே பாத்திரம், ஒரே அசைவு, பின்னால் கறுப்புத் திரை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் துயரம் புரியும்.

அவருக்கு முன் பெரும்பாலான கட்டுகளில் இந்தச் சீட்டில் ஆளே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாரட் 15-ஆம் நூற்றாண்டு வடக்கு இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகப் பிறந்தது. நம் சீட்டுக்கட்டில் இஸ்பேட் இருக்கும் இடத்தில் அங்கே வாள். அந்த வாளும் எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் காலத்துச் சீட்டுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த குறிதான். பழைய மார்செய் கட்டில் ‘வாள் ஒன்பது’ என்றால் பின்னிக்கிடக்கும் எட்டு வளைந்த கோடுகள், நடுவே ஒரு நேர் வாள், சில பூக்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடாது.

குறி சொல்வது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1781-இல் பாரிஸில் கூர் து ஜெபலின் என்ற அறிஞர், டாரட் பழைய எகிப்தியரின் ரகசிய ஞான நூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியை ஷம்போலியன் அறிவித்ததே 1822-இல்தான். ஆதாரம் இல்லாவிட்டாலும் கதை பரவியது. 1888-இல் லண்டனில் தோன்றிய கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கம் எண் சீட்டுகளில் இரண்டு முதல் பத்து வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டமும் ஒரு கிரகநிலையும் கொடுத்தது. வாள் ஒன்பதுக்குக் கிடைத்தது, நிராசைக்கும் கொடூரத்துக்கும் அதிபதி என்ற பட்டம். கிரகநிலை, மிதுனத்தில் செவ்வாய். வெயிட், ஸ்மித் இருவரும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். 1907-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு, சோலா புஸ்கா எனப்படும் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டின் புகைப்படங்கள் வந்து சேர்ந்தன. அதில் எண் சீட்டுகளிலும் மனித உருவங்கள் உண்டு. ஸ்மித் அவற்றைப் பார்த்திருக்கிறார் என்பது அவருடைய ‘வாள் மூன்றில்’ தெளிவாகத் தெரிகிறது. மரணச் சீட்டு உள்ளிட்ட பெரிய சீட்டுகள் 22-க்கும் வெயிட் விரிவாக யோசனை சொன்னார், எண் சீட்டுகளைப் பெரும்பாலும் ஸ்மித்தின் கற்பனைக்கே விட்டார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் அந்தப் பெண்ணைக் கட்டிலில் உட்கார வைத்தது ஸ்மித்தின் முடிவு. நிறைய வேலை, மிகக் குறைந்த கூலி என்று அவரே ஒரு கடிதத்தில் நண்பரிடம் சொல்லியிருக்கிறார். பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும் நிலைத்தன. ஸ்மித் 1951-இல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். இந்தக் கட்டை ‘ரைடர் வெயிட் ஸ்மித்’ என்று மூன்று பெயராலும் அழைக்கும் வழக்கம் மிகப் பிந்தியே வந்தது.

சரி, இந்தச் சீட்டு எதிர்காலத்தைச் சொல்லுமா? சொல்லாது. ஒரு கணக்கு போதும். வெயிட் தன் நூலில் விளக்கிய கெல்டிக் சிலுவை முறையில் பத்துச் சீட்டுகளை விரிக்கிறார்கள். 78-இல் பத்து என்றால், ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு வாள் ஒன்பது வந்தே தீரும். அதன் பொருள் மரணம் என்றால் சீட்டுப் பார்த்தவர்களில் எட்டில் ஒருவர் வீடு துக்க வீடாகியிருக்க வேண்டும்.

அப்புறம் ஏன் இவ்வளவு பேர் ‘எனக்கு அப்படியே பொருந்தியது’ என்கிறார்கள்? 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு கணிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். பொதுவாகச் சொன்னதைத் தனக்கென்றே சொன்னதாக மனம் எடுத்துக்கொள்கிறது. சீட்டுப் பார்க்க வருகிறவரோ பெரும்பாலும் ஏதோ ஒரு கவலையோடுதான் வருகிறார். தூங்காத இரவு ஒன்றாவது அவரிடம் இருக்கும். வாள் ஒன்பது அவர் எதிரே விழுந்தால் பொருந்தாமல் எங்கே போகும்?

பொருந்துகிறது என்பதாலேயே அது ஆபத்தான சீட்டு. ஏற்கெனவே நடுங்குகிறவரிடம் ‘பெரிய கெடுதல் வருகிறது’ என்று சொல்வது, பின்னால் நிற்கும் வாளை எடுத்து அவர் கையில் கொடுப்பது. பரிகாரத்துக்குப் பணம் கேட்பது அதைவிட மோசம். ரேச்சல் பொல்லாக் போன்ற எழுத்தாளர்கள் 1980-களில் டாரட்டை மனநிலைகளின் படங்களாகப் படிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு இந்தப் பழக்கம் பல இடங்களில் மாறியிருக்கிறது என்பது நல்ல செய்தி.

இந்தச் சீட்டு காட்டும் நள்ளிரவுக் கவலைக்கு உடம்பிலும் காரணம் உண்டு. 2007-இல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி, மனத்தைக் கலக்கும் படங்களைப் பார்த்தபோது, தூங்கியவர்களைவிடச் சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கி வைக்கும் மூளையின் முன்நெற்றிப் பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. ஒரே கவலையைத் தீர்வு தேடாமல் திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கும் என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா 1990-களிலிருந்து விரிவாகக் காட்டினார். இந்த இரண்டையும் எந்த ஆய்வும் இல்லாத காலத்தில் ஸ்மித் ஒரே படத்தில் வரைந்துவிட்டார்.

ஆகவே இந்தச் சீட்டு விழுந்தால் கேட்க வேண்டியவை கேள்விகள்தான். இந்த ஒன்பதில் உங்களுக்கு ஏற்கெனவே நடந்தவை எத்தனை? நடந்துவிடுமோ என்று பயப்படுபவை எத்தனை? எதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை? படத்தில் அவள் தனியாக இருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் தனியாக இல்லை, அவர் எதிரில் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். வாயைத் திறக்க ஒரு படம் உதவுமானால் அது சிறிய உதவி இல்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்துவிட்டால் சீட்டை மடக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.