சட்டமும் நாடகமும்

சட்டம் பயிலும் பிள்ளைக்கு நாடகம் எதற்கு என்று பெற்றோர் வினவுவது இயல்பே. ஒன்று சோறு போடும், மற்றொன்று பொழுதைப் போக்கும் என்பது பலரின் எண்ணம். ஆயினும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சட்டப் பட்டத்தையும் கலைப் பட்டத்தையும் இணைத்துப் பயிலலாம். நாடகம் முதன்மைப் பாடமாக உள்ள இடங்களில் மாணவர் அதனையே கலைப் பாடமாகத் தேர்ந்துகொள்ளலாம். தனித்தனியே பயின்றால் பொதுவாக 3 ஆண்டும் 4 ஆண்டுமாகச் செல்லும் இப்படிப்புகள், இணைத்துப் பயிலும்போது ஏறத்தாழ 5 ஆண்டுகளில் முடிகின்றன.

இவ்விணைப்பு புதியதன்று. மலாயா, சிங்கப்பூர் வழக்கறிஞர் பலர் பாரிஸ்டர் ஆகி வந்த இலண்டன் சட்டக் கழகங்களின் வரலாறே இதற்குச் சான்று. 16ஆம் நூற்றாண்டில் அங்கு மாணவர் நூல்களை மட்டும் ஓதித் தேறவில்லை. கற்பனை வழக்கொன்றை எடுத்துக்கொண்டு, இரு கட்சியாகப் பிரிந்து, மூத்தோர் முன்னிலையில் வாதிட்டுப் பழகினர். விழா நாட்களில் அக்கழகங்களிலேயே நாடகமும் ஆடினர்.

1561ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விழாக் காலத்தில் இன்னர் டெம்பிள் கழகத்தார் ‘கார்பொடக்’ என்னும் துன்பியல் நாடகத்தை நடித்தனர். இயற்றியோர் அக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் நார்ட்டன், தாமஸ் சாக்வில் ஆகிய இருவர். அரசன் தன் நாட்டை மைந்தர் இருவருக்கும் பங்கிடுகிறான். இளையவன் மூத்தவனைக் கொல்கிறான். இறுதியில் வாரிசின்றி நாடு உள்நாட்டுப் போரில் அழிகிறது. 1562 ஜனவரியில் முதலாம் எலிசபெத் அரசியின் முன்பும் அது நடிக்கப்பட்டது. அவ்வரசிக்கு மணமும் இல்லை, வாரிசும் இல்லை. அரியணை அடுத்து யாருக்கு உரியது என்னும் சட்டச் சிக்கலையே நாடகம் அவர் கண்முன் நிறுத்தியது.

நாடகப் பயிற்சியால் குரல் திருந்தும், அவைக் கூச்சம் நீங்கும் என்பர். அவை சிறு பயன்களே. தனக்கு ஒவ்வாத பாத்திரத்தின் உள்ளத்திலும் நடிகன் புகுந்தாக வேண்டும். எதிர்க்கட்சியின் நியாயத்தைத் தன்னுள் பேசிப் பார்க்கும் வழக்கறிஞனுக்கு வேண்டியதும் அப்பழக்கமே. அன்றியும், ஒரே சொல் குரல் மாறினால் பொருள் மாறும். வாக்குமூலம் ஏட்டில் ஏறியதும் குரல் மறைந்துவிடுகிறது. மறைந்தது இன்னதென்று உணர நாடகம் பயின்ற செவி உதவும்.

ஆனால் எல்லை ஒன்றுண்டு. நடிகன் காட்டுவது புனைவென்று அவையோர் அறிவர். வழக்கறிஞனோ பொய்யென அறிந்ததை நீதிமன்றத்தில் மெய்யெனக் கூறலாகாது. இரண்டையும் சேர்த்துப் பயில்பவன் இவ்வெல்லையை நன்கு அறிவான்.

நம்மவருள்ளும் இதற்குச் சான்று உண்டு. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர். பின்னர் நீதிபதியும் ஆனார். ‘மனோகரா’ முதலிய நாடகங்களை இயற்றியவரும் அவரே.

பட்டத்திற்கு முன்பே பள்ளியில் இதனைத் தொடங்கலாம். சிலப்பதிகார வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், கண்ணகிக்காக வாதிட்ட மாணவனை மறுநாள் பாண்டியனுக்காக வாதிடச் சொல்லட்டும். தீர விசாரியாமல் தண்டித்த பிழை எத்துணைப் பெரிதென்பது, அரசன் பக்கம் நின்று சொல் தேடும்போதுதான் அவனுக்கு விளங்கும்.