தவணை தவறும் நல்ல உழைப்பாளிகள்

எந்தச் சங்கத்தின் பேரேட்டைப் புரட்டினாலும் ஒருவகை அங்கத்தினரின் பெயர் நம் கண்ணிற் படாமற் போவதில்லை. கைவேலையில் அவரை விஞ்ச ஆளிராது; புதிய கரை வடிவத்தை முதலிற் கற்றுக்கொள்பவரும் அவரே. ஆயினும் பாதி நெய்த சேலை தறியிலேயே கிடக்கும்; அவரோ வேறொரு வேலையில் இறங்கியிருப்பார். பயிர்த்தொழில் செய்பவராயின், கையிற் பணமிருந்தும் கடன் தவணை தாண்டிவிடும். உரிய காலத்தில் பயிர்க்கடனைத் தீர்ப்போருக்குத் தமிழ்நாட்டில் வட்டியில்லை என்னும் சலுகையை, நாள் மறந்த ஒரே காரணத்தால் அவர் இழக்கிறார். ஊரார் அவரைப் ‘பொறுப்பற்றவர்’ என்று கூறி முடித்துவிடுகின்றனர்.

இத்தகையோர் யாவருக்கும் ஒரே காரணம் உண்டென நாம் கூறவில்லை. கடன் தொல்லை, துக்கம், குடிப்பழக்கம், உறக்கமின்மை ஆகிய எதுவும் கவனத்தைக் குலைக்கக்கூடும். ஆனால் சிலரிடம் இவ்வியல்பு சிறு பிராயம் முதல், வீடு, பள்ளி, தொழில் என எங்கும் தொடர்ந்து வந்திருக்கும். இதற்கு மருத்துவர்கள் இட்ட பெயர் ‘கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு’, சுருக்கமாக ஏ.டி.எச்.டி.

குறைபாட்டின் தன்மை

1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவிற் குறைவின்றியும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத சிறுவர்களைப் பற்றி இலண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். வயது ஏற ஏற இது மறைந்துவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இன்றோ, வயது வந்தோரில் 100-க்கு 2 அல்லது 3 பேரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 200 அங்கத்தினர் கொண்ட சங்கத்தில் நாலைந்து பேர் என்று கொள்ளலாம். குடும்ப வழியாக வருவதும் மிகுதி. பிள்ளையைப் பரிசோதிக்கும்போது தகப்பனாரின் குறையும் தெரியவருவதுண்டு.

செய்ய வேண்டியது இன்னதென்பதை இவர்கள் நன்கறிவர். அறிந்ததை உரிய வேளையிற் செய்வதே அரிதாகிறது. விருப்பமான வேலையிலோ பசியையும் மறந்து ஆழ்ந்துவிடுவர். அதைக் கண்ட வீட்டார், “மனம் வைத்தால் முடிகிறதே!” என்று கடிந்துகொள்கின்றனர். கவனத்தை வேண்டிய பக்கம் திருப்பும் ஆற்றலே தளர்ந்திருக்கிறது என்பதை அவர்கள் உணர்வதில்லை.

பயிற்றுநரின் பணி

1994-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் இருவர் வெளியிட்ட நூல், இத்தகையோருக்குப் பயிற்றுநர் ஒருவரைத் துணையாக்கும் முறையைப் பலரறியச் செய்தது. பயிற்றுநர் மருந்து தருபவரல்லர். குறித்த நேரத்தில் சில நிமிடம் பேசி, “இன்று முதல் வேலை எது? எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள்? நேற்றையது முடிந்ததா? தடையாயிருந்தது என்ன?” என்று வினவுவார். தவறினால் கடிந்துகொள்ளாமல் வேறு வழியை ஆராய்வார்.

‘சேலையை முடிக்க வேண்டும்’ என்பது மலைப்பூட்டும் வேலை. ‘காலை உணவுக்குள் ஒரு முழம்’ என்பது தொடங்கக்கூடிய வேலை. தேதியைப் பெரிய எழுத்தில் தறிக்கு எதிரே எழுதி வைத்தல், கைபேசியில் மணி அடிக்கச் செய்தல், தனியே செய்ய முடியாத கணக்கு வேலைக்கு ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுதல் ஆகியவை இம்முறையின் எளிய சாதனங்கள்.

குடும்பத்தாரும் இதிற் பங்குகொள்ள வேண்டும். பெரும்பாலும் வீட்டின் நினைவுச்சுமை முழுவதும் மனைவியின் தலையில் விழுகிறது. அவர் சலித்துப் போகிறார். கணவரோ அதட்டப்பட்ட சிறுவனைப்போல் குன்றிப் போகிறார். வாரத்தில் ஒரு வேளையை ஒதுக்கி, இருவரும் அமர்ந்து வரவு செலவையும் வேலைகளையும் பேசி முடிப்பது நன்று. பிற நாட்களில் நினைவூட்டல் ஒரு முறை போதும், குத்திக்காட்டுதல் கூடாது.

ஓர் எச்சரிக்கை

பயிற்றுநர் என்று எவரும் தம்மைக் கூறிக்கொள்ளலாகும். ஆகவே பணம் கட்டுமுன் விசாரித்தறிக. முதலில் மனநல மருத்துவரிடம் காட்டிக் குறைபாடு இன்னதென உறுதி செய்துகொள்ள வேண்டும். பலருக்கு மருந்து நற்பயன் தருகிறது. பயிற்சி அதற்குத் துணை நிற்பது. மாவட்ட அரசு மருத்துவமனையை அணுகலாம். 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம்.

சங்க விதிகளைத் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. தவணைத் தேதியை எழுத்தில் கொடுப்பதும், மூன்று நாள் முன்னதாகத் தொலைபேசியில் நினைவூட்டுவதும், பெரிய உருப்படியை இரு கெடுவாகப் பிரிப்பதும் எந்த விதிக்கும் முரணாகா. இவற்றால் சங்கத்துக்குச் செலவும் சிறிதே. ஒரு நல்ல நெசவாளரை நிலுவைப் பட்டியலில் இழப்பதோ பெருஞ்செலவு. காரியதரிசிகளும் நிர்வாகக் குழுவினரும் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆலோசிப்பார்களாக.