சலவை இயந்திரம் மாற்றுமுன்

தவணைக்கு வாங்கிய சலவை இயந்திரம் தவணை தீருமுன் பழுதாகிக் கிடப்பதை அங்கத்தினர் இல்லங்கள் சிலவற்றில் கண்டோம். ஆகவே இக்குறிப்பு.

துணி பிழியும் சுற்றில் பேரிரைச்சல் எழுமாயின், பெரும்பாலும் பேரிங் தேய்ந்திருக்கும். ரப்பர் சீல் நைந்து நீர் உட்புகுவதே இதற்குப் பொதுவான காரணம். திருகாணியிட்ட தொட்டியாயின், அதனைப் பிரித்துப் பேரிங்கையும் சீலையும் மட்டும் மாற்றலாம். ஒட்டி மூடிய பிளாஸ்டிக் தொட்டியாயின், தொட்டி முழுவதையுமே மாற்ற நேரும்; செலவு பன்மடங்காகும்.

ஆகையால் புதியது வாங்குவோர், பளபளப்பில் மயங்காது, தொட்டி பிரிக்கத்தக்கதா என்று முதலில் வினவுக. '10 ஆண்டு உத்தரவாதம்' என்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே உரியது; சீட்டை முழுதும் படித்தறிக. பழுது பார்ப்பவர் அருகில் உள்ளாரா என்பதையும் விசாரித்துக்கொள்க.

உதிரி உறுப்புக் கிடைக்குமா என விசாரியாது தறி வாங்குவோர் நம்மில் உண்டோ? அந்த விவேகம் இதற்கும் பொருந்தும்.