கடைசிக் குண்டு வரை நம்பிக்கை!
புதுவையின் பெத்தாங்க் ஆட்டம்

கோலி விளையாடி இருக்கிறீர்களா? அப்படியானால் இந்த ஆட்டம் உங்களுக்கு எளிதில் புரியும்.

இதன் பெயர் 'பெத்தாங்க்'. இரும்புக் குண்டு வீசும் ஆட்டம். பிரான்ஸ் நாட்டில் பிறந்தது. புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்கள்.

பிறந்த கதை

பிரான்சின் தென்பகுதியில் லா சியோத்தா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே முன்பு ஓடி வந்து குண்டு வீசுவார்கள். ஒருவருக்கு மூட்டு வாதம். அவரால் ஓட முடியவில்லை. அவருக்காக, நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று விதியை மாற்றினார்கள். இது நடந்தது 1910-ம் ஆண்டு வாக்கில்.

புதுவையில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ந் தேதியோடு முடிந்தது. ஆட்சி போயிற்று. ஆட்டம் போகவில்லை.

எப்படி ஆடுவது?

சிறிய மரப்பந்து ஒன்றை 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் எறிவார்கள். அதன் அருகே குண்டைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஓர் அணியில் 3 பேர். ஆளுக்கு 2 குண்டு. ஒரு குண்டின் எடை 650 முதல் 800 கிராம் வரை இருக்கும்.

எல்லாக் குண்டுகளையும் வீசினால் ஒரு சுற்று முடியும். எதிரியின் குண்டுகளை விட மரப்பந்துக்கு நெருக்கமாக உங்கள் குண்டுகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை புள்ளி உங்களுக்கு. முதலில் 13 புள்ளி எடுக்கும் அணி வெற்றி பெறும்.

அடிக்கும் இளைஞர்

அணியில் ஒருவர் குண்டை மெல்ல உருட்டி விடுவார். மண்ணின் மேடு பள்ளம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது பல வருடப் பழக்கத்தில் வருவது.

இன்னொருவர் எதிரியின் குண்டைக் குறி பார்த்து அடித்துத் தள்ளுவார். இதற்குக் கூர்மையான கண்ணும் நடுங்காத கையும் வேண்டும். இளைஞர்கள் விடாமல் பழகினால் இதில் பெரியவர்களையும் மிஞ்சலாம்.

குறி பார்த்து அடிப்பதற்கென்றே உலக அளவில் தனிப் போட்டி உண்டு. 6, 7, 8, 9 மீட்டர் தூரங்களில் மொத்தம் 20 தடவை அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அதிகபட்சம் 5 புள்ளி. பழகுகிறவர்களும் இப்படியே தூரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

தோல்வி வெற்றியாகும்!

ஒரு கணக்கைப் பாருங்கள்.

எதிரி அணிக்கு 12 புள்ளி. உங்கள் அணிக்கு 7 புள்ளி. எதிரி தன் குண்டுகளை எல்லாம் வீசிவிட்டான். அவனுடைய ஒரு குண்டு மரப்பந்தை ஒட்டி நிற்கிறது. அதற்கு அடுத்தபடியாக உங்கள் குண்டுகள் 5 நிற்கின்றன. இப்படியே விட்டால் எதிரிக்கு 13 ஆகிவிடும்.

உங்கள் கையில் கடைசிக் குண்டு ஒன்று இருக்கிறது. உங்கள் பையன் குறி பார்த்து அடிக்கிறான். எதிரியின் குண்டு தெறித்து ஓடுகிறது. பையனின் குண்டு அதே இடத்தில் நின்றுவிடுகிறது! இந்த அடிக்குப் பிரெஞ்சில் 'காரோ' என்று பெயர்.

இப்போது நெருக்கமான 6 குண்டுகளும் உங்களுடையவை. 7-ம் 6-ம் 13. வெற்றி உங்களுக்கு!

இப்படி ஓர் அடி அடிக்கடி அமையாது. ஆனாலும், கடைசிக் குண்டு கையில் இருக்கும் வரை வழி உண்டு.

மடகாஸ்கர் காட்டிய வழி

மடகாஸ்கரும் முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடுதான். 1999-லும் 2016-லும் ஆண்கள் உலகப் பட்டத்தை அந்த நாடு வென்றது. கற்றுக் கொடுத்தவர்களையே மிஞ்சிவிட்டார்கள்!

இந்த ஆட்டத்துக்குப் புல்தரை வேண்டாம். கெட்டியான மண் தரை போதும். ஆண், பெண் எல்லோரும் ஆடலாம். தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் சேரலாம். தாத்தா உருட்டுவார். பேரன் அடிப்பான்!